முட்டுச்சந்து, முச்சந்தி, நாற்சந்தி

ஒரு ஊரின் தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு நன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்று அளக்க ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அடிப்படை அளவு ரொம்பவே எளிமையானது. ஒரு தெருமுனையில் நில்லுங்கள். அங்கிருந்து எத்தனை பக்கம் போகலாம் என்று எண்ணுங்கள். வந்த வழியே திரும்ப வேண்டுமென்றால் 1. மூன்று பக்கம் பிரிந்தால் 3. நான்கு பக்கம் என்றால் 4. ஊரிலுள்ள எல்லா முனைகளுக்கும் இப்படி எண் போட்டுச் சராசரி எடுத்தால் அந்த ஊரின் குணம் ஓரளவு தெரிந்துவிடும். தமிழில் இந்த எண்களுக்கெல்லாம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. முட்டுச்சந்து, முச்சந்தி, நாற்சந்தி. இரண்டுக்கு மட்டும் பெயர் கிடையாது. இரண்டு பக்கம் மட்டும் போகும் இடம் முனையே இல்லை, தெருவின் ஒரு வளைவு. ஆய்வாளர்களும் இரண்டை எண்ணுவதில்லை.

நம் ஆட்கள் தெருமுனையைச் சும்மா விட்டுவைத்தவர்கள் இல்லை. திருஷ்டி கழித்ததை முச்சந்தியில்தான் போட வேண்டும். வீட்டுக்கு நேரே தெரு வந்து முட்டினால் அது தெருக்குத்து. மனை விலை இறங்கும், இல்லாவிட்டால் அங்கே ஒரு பிள்ளையார் உட்கார்ந்துவிடுவார். குடும்ப மானம் போவதுகூட 'சந்தி சிரிக்கும்' என்றுதான். வழிகள் சேரும் இடத்தில் ஊரே இருக்கும், அங்கே எதுவும் மறைவாக நடக்காது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் நகரம் வளர்வதைப் பற்றிப் பேசும்போது நாம் பேசுவதெல்லாம் வேறு. எத்தனை மாடி, எத்தனை வழிச்சாலை, எத்தனை மேம்பாலம். புதிதாக முளைத்த பகுதியில் எத்தனை நாற்சந்தி இருக்கிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்தக் கேள்வியைச் சுற்றிச் சமீபத்தில் மூன்று எழுத்துகளை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று 1961இல் வந்த ஒரு புத்தகத்தின் சின்ன அத்தியாயம், இன்னொன்று 1965இல் வந்த கட்டுரை, மூன்றாவது 2020இல் வந்த ஆய்வறிக்கை. மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன என்றுதான் பொதுவாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலாவது ஜேன் ஜேக்கப்ஸ் எழுதிய 'தி டெத் அண்ட் லைஃப் ஆஃப் கிரேட் அமெரிக்கன் சிட்டீஸ்'. நகரத் திட்டமிடலைப் பற்றி ஆங்கிலத்தில் வந்தவற்றில் இதுதான் அதிகம் மேற்கோள் காட்டப்படும் புத்தகம் என்று சொன்னால் மிகையாகாது. எல்லோரும் எடுத்துப் பேசுவது நடைபாதையைப் பற்றியும் தெருவின் மீதிருக்கும் கண்களைப் பற்றியும் அவர் எழுதியதை. பிளாக்குகள் சிறியதாக இருக்க வேண்டும் என்கிற அத்தியாயத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பத்துப் பக்கம் சொச்சம்தான். ஆனால் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அதில் அவர் மன்ஹாட்டனில் மேற்கு 88ஆம் தெருவில் குடியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்கிறார். மன்ஹாட்டனின் தெருக்கள் 1811இல் போட்ட திட்டத்தின்படி கட்டம் கட்டமாக அமைந்தவை. ஆனால் அந்தக் கட்டம் சதுரம் கிடையாது. அந்த இடத்தில் ஒரு பிளாக்கின் நீளம் 800 அடி. அந்த மனிதர் கடைக்குப் போக ஒரு பக்கம் நடப்பார், பூங்காவுக்குப் போக மறுபக்கம் நடப்பார். பக்கத்திலேயே இணையாக ஓடும் 87ஆம் தெருவிலோ 89ஆம் தெருவிலோ வருஷக்கணக்கில் கால் வைக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. ஜேக்கப்ஸ் பிறகு ஒரு சின்ன விளையாட்டு விளையாடுகிறார். அந்த நீள பிளாக்குகளுக்கு நடுவே குறுக்காக ஒரு தெரு வெட்டியிருந்தால்? அந்த மனிதருக்கு உடனே பல வழிகள் வந்துவிடுகின்றன. தினம் ஒரு வழியாகப் போகலாம். பக்கத்துத் தெருக்காரர்கள் முகம் தெரியும். நடுவில் ஒரு சின்னக் கடை பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் அதைக் கடந்து போகும் ஆட்கள் இப்போது இரண்டு மூன்று தெருக்களிலிருந்து வருகிறார்கள். இது வெறும் கற்பனை இல்லை என்று காட்ட, ராக்பெல்லர் சென்டரில் அப்படிக் குறுக்கே போட்ட கூடுதல் தெருவையும் சுட்டுகிறார்.

பாருங்கள், எதிரி இங்கே முட்டுச்சந்துகூட இல்லை. எல்லா முனையும் நாற்சந்தியாக இருக்கும் ஊரிலேயே, சந்திக்கும் சந்திக்கும் நடுவே தூரம் அதிகமானால் மனிதர்கள் பிரிந்துவிடுகிறார்கள் என்கிறார். சராசரி மட்டும் பார்க்கிறவருக்கு இது பிடிபடாது. ஜேக்கப்ஸுக்குப் பட்டதற்குக் காரணம், அவர் படத்திலிருந்து கீழே பார்க்காமல், செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும் ஒரு ஆளிடமிருந்து தொடங்கியது.

இரண்டாவது கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர். கணிதமும் கட்டடக்கலையும் படித்தவர். 'எ சிட்டி இஸ் நாட் எ ட்ரீ' என்ற அவர் கட்டுரையின் தலைப்பே வாதம். நகரம் மரம் கிடையாது. மரம் என்று அவர் சொல்வது கணிதத்து மரம்: அடிமரம், கிளை, கிளைக்குக் கிளை, இலை. ஒரு கிளை இன்னொன்றின் மேல் படாது. திட்டமிட்டுக் கட்டும் நகரங்களை எல்லாம், சண்டிகர், பிரேசிலியா உட்பட, நிபுணர்கள் இப்படித்தான் யோசிக்கிறார்கள், ஆனால் தானாக வளர்ந்த நகரங்களில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று படிந்து கிடக்கும் என்பது அவர் வாதம். 20 பொருட்களை மரமாக அடுக்கினால் அதிகபட்சம் 19 கூட்டங்கள்தான் அமையும். படிய விட்டால் பத்து லட்சத்துக்கும் மேல் அமையும் என்று கணக்குக் காட்டுகிறார். வாய் பிளக்க வைக்கும் கணக்குதான். ஆனால் கட்டுரையில் நிற்பது அது இல்லை. பெர்க்லியில் ஒரு தெருமுனை, அங்கே ஒரு மருந்துக்கடை, வாசலில் செய்தித்தாள் அடுக்கிய தட்டு, எதிரே சிக்னல். சிவப்பு விளக்கு எரியும்போது நிற்கிறவர்கள் சும்மா நிற்காமல் தலைப்புச் செய்தியைப் படிக்கிறார்கள், சிலர் வாங்குகிறார்கள். சிக்னலும் செய்தித்தாளும் ஒன்றுக்கொன்று உதவும் என்று யாரும் திட்டம் போடவில்லை. நம்ம ஊரில் சிக்னலில் மல்லிகைப்பூ விற்பவருக்கு இதைச் சொன்னால், இதுக்கு ஒரு கட்டுரையா என்பார்.

அலெக்ஸாண்டரின் மரத்தை நேரடியாகத் தெரு வடிவமாக வாசிப்பது சரியில்லை. அவர் பேசுவது இடங்களுக்குள் இருக்கும் உறவை. இருந்தாலும் தெருவுக்கு வைத்துப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது பிளாக் உள்ள ஒரு கட்டத்தில், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சுற்றாமல் போக 20 வழிகள் இருக்கின்றன. பத்துக்குப் பத்து என்றால் 1,84,756. மரத்தில்? எப்போதும் ஒன்றே ஒன்று. கிளை நுனியிலிருக்கும் எறும்பு பக்கத்துக் கிளை நுனிக்குப் போக வேண்டுமென்றால், ஒரு விரற்கடை தூரத்தில் அந்த இலை ஆடிக்கொண்டிருந்தாலும், கவடு வரைக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

இப்படிப்பட்ட மரத்தை யார் விரும்பி நட்டார்கள்? வில்லன்கள் நடவில்லை. 1929இல் நியூஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்தார்கள். கார் பெருகிக்கொண்டிருந்த காலம், குழந்தைகள் தெருவில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வீடுகளை முட்டுச்சந்துகளைச் சுற்றி வைத்தார்கள். கார் உள்ளே வந்தால் திரும்பித்தான் போக வேண்டும், குறுக்கே பாய முடியாது. ஆனால் வீடுகளின் மறுபுறம் நடைபாதைகள், பூங்காவோடு சேர்ந்து தொடர்ச்சியாக ஓடின. காருக்கு முட்டுச்சந்து, காலுக்கு முட்டாத சந்து. அருமையான யோசனை, இன்றைக்கும்.

நகலெடுத்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1934இல் தொடங்கிய அமெரிக்க ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன், வீட்டுக்கடனுக்குக் காப்பீடு தரும் அமைப்பு, 1936இலேயே கட்டத் தெருக்கள் வேண்டாம், முட்டுச்சந்துகள் நல்லது என்று படம் போட்டு வழிகாட்டியது. கடன் எப்படிக் கிடைக்குமோ அப்படித்தானே தெரு போடுவார்கள்? நடைபாதைக்கு நிலம் விடுவது செலவு, அது உதிர்ந்தது. முட்டுச்சந்து செலவைக் குறைத்தது, தங்கியது. இலக்கியத்தில் இது நமக்குத் தெரிந்த கதைதான். ஒரு பெரிய எழுத்தாளரிடமிருந்து அவருடைய நோக்கத்தை விட்டுவிட்டு நடையை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் எல்லாத் தலைமுறையிலும் இருக்கிறார்கள்.

மூன்றாவது எழுத்துக்கு வருகிறேன். கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீயும் ஆடம் மில்லார்ட்-பாலும் 2015இல் அமெரிக்கத் தெருக்களின் நூறாண்டு வரலாற்றை அளந்தார்கள். சிதறல் கார் ஆதிக்கம் பெறுவதற்கு முன்பே தொடங்கி, ஏறிக்கொண்டே போய், 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்க ஆரம்பித்திருக்கிறது. முட்டுச்சந்தைக் கொண்டாடிய நாட்டிலேயே புதுத் தெருக்கள் மறுபடி இணைய ஆரம்பித்துவிட்டன. 2020இல் இதே இருவர் உலகம் முழுவதற்கும் அதைச் செய்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கும் ஒவ்வொரு முனையையும் எடுத்து, செயற்கைக்கோள் படங்களை வைத்து அது எந்தக் காலத்தில் முளைத்த பகுதி என்று பிரித்தார்கள். மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 சதவீதத்தில், 1975க்குப் பின் போடப்பட்ட புதுத் தெருக்கள் இணைப்புக் குறைந்தவையாகிவிட்டன. 2000க்குப் பிறகு நிலைமை மேம்படும் நாடுகள் 29 சதவீதம் மட்டும். சுற்றிச் சுற்றிப் போகும், மதில்சூழ் குடியிருப்புகளுக்கே உரிய தெருவகையின் பங்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கிறது.

எனக்கு இந்த எண்களைவிட முக்கியமாகப் பட்டது அவர்கள் சொல்லும் இன்னொரு விஷயம். ஆரம்பத்தில் இணைப்புக் குறைவாக இருந்த ஊர், பிறகு வளரும்போதும் அப்படியேதான் வளர்கிறது. கட்டடத்தை இடிக்கலாம், மாடி ஏற்றலாம், கடை மாறும், ஆள் மாறுவார். தெரு மாறாது. இருபுறமும் நூறு பட்டாக்கள் பதிவான பிறகு அதை நகர்த்த யாராலும் முடியாது. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரியும் சதுரங்களில், இன்றைக்கு அங்கே இருக்கும் கடைகளில் எத்தனை ஐம்பது வருஷப் பழையவை? ஆனால் மாசி வீதி இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

சென்னைக்கே வரலாம். 1920களில் மாம்பலம் பக்கத்து நெடிய ஏரியைத் தூர்த்து தி. நகரை உருவாக்கினார்கள். ஏரியைத் தூர்த்தது வேறு பஞ்சாயத்து, அதை மழை வரும்போதெல்லாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தெருவைப் பொறுத்தவரை, பனகல் பூங்காவிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் எங்கேயாவது போய்ச் சேர்வீர்கள். ஒரு தெருவில் நெரிசல் என்றால் அடுத்த தெரு. அது குடியிருப்பாகத் திட்டமிட்ட இடம். பின்னாளில் கடைவீதியாக மாறியபோது அந்தச் சுமையைக் கொஞ்சமாவது தாங்கியது இந்தத் தெருப்பின்னலால்தான் என்பது என் எண்ணம்.

எண்பது வருஷம் கழித்து வந்தது ஓஎம்ஆர். இதுதான் அலெக்ஸாண்டரின் மரம், அச்சு அசலாக. ஒரே அடிமரம், இருபுறமும் கிளைகள், கிளை முனையில் கேட் போட்ட குடியிருப்பு. இயற்கையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாய்க்கு அந்தண்டை இணையாக ஈசிஆர் ஓடுகிறது. இரண்டையும் சேர்ப்பவை சோழிங்கநல்லூர் – அக்கரை, கேளம்பாக்கம் – கோவளம் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சாலைகள்தான். ஆனால் சதுப்பும் கால்வாயும் இல்லாத இடத்திலும் இரண்டு லேஅவுட்டுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. நான் குடியிருக்கும் இடத்திலிருந்து மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை பால்கனியிலேயே தெரியும். இருநூறடிகூட இருக்காது. நடுவில் ஒரு மதில். கேட்டுக்கு வந்து, மெயின்ரோட்டுக்குப் போய், யூ டர்ன் அடித்து, அடுத்த கிளைக்குள் நுழைந்தால் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர். அதனால் ஒரு குரோசின் பட்டைக்கு வண்டி எடுக்கிறோம். எடுக்காதவர்கள் ஆப்பில் சொல்கிறார்கள், வேறொருவர் வண்டி எடுக்கிறார். மெயின்ரோட்டில் எந்நேரமும் நெரிசல் என்கிறோமே, அதில் எத்தனை வண்டி இப்படி மருந்துக்கடைக்குப் போகிற வண்டியோ.

"பிள்ளைங்க பயமில்லாம விளையாடுது, அதைச் சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்றார் எங்கள் பிளாக்கில் ஒரு அக்கா. உண்மை. ராட்பர்ன் வாக்குறுதி இங்கே நிறைவேறத்தான் செய்கிறது, பாதி. நம் தெருக்களில் நடப்பவருக்கு என்ன மரியாதை என்று தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய முடியாது. ஜேக்கப்ஸை வைத்துக்கொண்டு அபார்ட்மெண்ட்காரர்களைத் திட்டும் கட்டுரைகள் எனக்கு அலுப்பூட்டுவது இதனால்தான். ஆனால் காரை நிறுத்த வேண்டிய இடத்தில் காலையும் சேர்த்து நிறுத்த வேண்டியதில்லை. மதிலில் ஒரு ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு திட்டிவாசல் வைத்தால் என் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் இருநூறடி ஆகிவிடும். ஒரு கார்கூட உள்ளே வராது.

ஒரு சின்னக் கிளைப்பேச்சு. ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' 1974இல் வந்தது, ஒரே நாளில் நடக்கும் நாவல். கந்தன் கிளம்புகிறான், யாரையாவது பார்க்கிறான், அங்கிருந்து இன்னோர் இடம், இன்னொரு ஆள். ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' டப்ளின் தெருக்களில் அலைவதும் அப்படித்தான். இந்த வகை நாவலுக்குக் கதாபாத்திரங்களைவிட முதலில் வேண்டியது தெருப்பின்னல். எதிர்பாராத ஆள் எதிரே வருவதற்கு ஒரு முனை வேண்டும். கேட்டிலிருந்து கேட்டுக்கு கேபில் போகும் ஒருவனை வைத்து ஒருநாள் நாவல் எழுதினால், அவன் சந்திக்கக்கூடிய அந்நியர் ஓட்டுநர் ஒருவர்தான். நம் புதுக் கதைகளில் இவ்வளவு பேர் தனியாக அறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்வதா, லேஅவுட்டையும் சேர்த்துக்கொள்வதா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி என் சண்டை. மூன்று எழுத்துகளும், வரைபடத்தில் கோடு இருந்தால் அந்த வழியாக ஆள் போகலாம் என்று எடுத்துக்கொள்கின்றன. மேற்கு 88ஆம் தெருக்காரர் 87க்குப் போகாததற்குக் காரணம் தூரம், அவ்வளவே. ஆய்வறிக்கையின் எண்ணில் முனை திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி, யாருக்கு என்பது கிடையாது. நம் மண்ணில் அந்த 'யாருக்கு' இல்லாமல் தெருவைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது. 1924இல் வைக்கம் போராட்டம் தொடங்கியது கோயிலுக்குள் போவதற்காக இல்லை, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. எந்த வரைபடத்திலும் அந்தத் தெருக்கள் திறந்தே இருந்திருக்கும். நடந்தால் அடிவிழும். பெரியார் சிறை சென்றது அதற்காகத்தான். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989 மோதல்களுக்குப் பிறகு, தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து நின்ற மதிலில், 2008 மே மாதம் ஒரு பகுதியை இடித்துத்தான் பாதை திறந்தார்கள். இடித்தது சில அடி அகலம்தான். அந்தச் சில அடிக்காக ஒரு மாநிலமே பேச வேண்டியிருந்தது.

இதை வைத்து ஓஎம்ஆர் மதிலும் உத்தபுரம் மதிலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொல்வது உத்தபுரத்தில் வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஒன்று பிறப்பைக் கேட்கிறது, மற்றது பராமரிப்புக் கட்டணத்தைக் கேட்கிறது. ஆனால் நம் கேட்டில் வாட்ச்மேன் யாரை நிறுத்திப் பெயர் எழுதச் சொல்கிறார், யாரைப் பார்த்ததும் சல்யூட் அடித்துத் திறந்துவிடுகிறார் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்கு அந்த முனையின் எண் 1. எனக்கு 3. ஒரே முனை. ஜேக்கப்ஸ் அந்த அத்தியாயத்தை ஒரு மனிதரிடமிருந்து தொடங்கினார் என்று முன்னே பாராட்டினேன். அதே வேலையை இங்கே செய்தால் ஒருவரோடு நிறுத்த முடியாது. அவ்வளவு சுலபமாக ஒரு தெருவுக்கு ஒரு எண் போட நம்மால் முடியாது.

இதே குறை மறுபக்கமும் வேலை செய்கிறது. வரைபடத்தில் முட்டுச்சந்தாகத் தெரிவதில் பாதி, நடக்கிறவர்களுக்கு முட்டுச்சந்து இல்லை. பழைய ஊர்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் முடுக்கு இருக்கும். புது ஊர்களில் மதிலின் ஒரு மூலையில் நாலு செங்கல்லை யாரோ பெயர்த்திருப்பார்கள், அந்தண்டை ஏற ஒரு கல் போட்டிருப்பார்கள். செயற்கைக்கோளுக்கு அது தெரியாது. ஆய்வில் அது எண்ணில் சேராது. ஆனால் காலையில் ஆறரைக்கு வேலைக்கு வருபவர்களுக்கு ஓஎம்ஆரின் உண்மையான வரைபடம் அதுதான். அசோசியேஷன் வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பூசி அடைக்கும். ஒரு மாதத்தில் திரும்பத் திறந்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம் என்று யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 2009இல் ஒரு விதி கொண்டுவந்தது. புதுக் குடியிருப்பின் தெருக்கள் பக்கத்து நிலத்தோடு இணையும்படி போட்டால்தான் அரசு பராமரிப்புக்கு எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் நீங்களே தார் போட்டுக்கொள்ளுங்கள். கடன் காப்பீட்டால் வந்த வியாதிக்குத் தார்ச் செலவால் வைத்தியம். இரண்டு வருஷத்தில் எதிர்ப்பு வந்து விதியைத் தளர்த்திவிட்டார்கள் என்பதும் கதையின் பகுதி.

நம்மிடமும் ஒரு பிடி இருக்கிறது. லேஅவுட்டுக்கு அனுமதி வாங்கும்போது உள்சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது வரையும் அந்த நாளில் தெரு இன்னும் யாருடையதும் இல்லை, பொதுவாகப் போகிறது. அந்த ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. சிறுசேரி, மாம்பாக்கம் பக்கம் போனால் இப்போதுகூடப் பார்க்கலாம்: வயலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், நடுவில் செம்மண் கொட்டி சமன் செய்த முப்பதடி ரோடு, அது நேராகப் போய் பக்கத்து சர்வே நம்பரின் வரப்பில் நிற்கும். வரப்புக்கு அந்தண்டை இன்னொருவர் வாங்கிப்போட்ட நிலம், அங்கேயும் கல் நட்டிருக்கும், அங்கேயும் ஒரு முப்பதடி ரோடு இந்த வரப்பை நோக்கி வந்து நிற்கும். பல இடங்களில் இரண்டும் நேருக்கு நேராகக்கூட இருக்காது, பத்தடி தள்ளி இருக்கும். காம்பவுண்டுக்கு வானம் தோண்ட ஆட்கள் வந்துவிட்டார்கள்.